சாத்தியக்கூறு போதுமா? 'செயல்தகவு' பற்றி

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

ஒரு பொதுக் கொள்கை நடைமுறையில் ஓடுமா என்று முன்கூட்டியே எடைபோடுவதற்கு 'நடைமுறைப்படுத்தல் சாத்தியக்கூறு மதிப்பீடு' என்று தேவகோட்டை அண்ணன் நேற்று எழுதியிருந்தார். பொருளில் பிழையில்லை, படிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. தவிர, 'சாத்தியமா?' என்று கேட்டால் எதற்கும் 'ஆம்' என்று தலையாட்டிவிடலாம். யார் செய்வார், எந்தப் பணத்தில், யார் ஒப்புதலோடு என்று குடையும் சொல் அல்லவா வேண்டும்?

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2003இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. செட்டிநாட்டுக்கு அது புதிதா என்ன? ஓட்டுக் கூரை நான்கு பக்கமும் வளவு முற்றத்துக்குச் சரியும். எங்கள் ஆச்சி அண்டாவின் வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டி மழைத் தண்ணீர் பிடிப்பார். ஆகவே நோக்கத்தோடு எங்களுக்குச் சண்டையில்லை. ஆனால் எங்கள் கானாடுகாத்தான் வீட்டுக்குப் பங்காளிகள் 27 பேர். பாதிப்பேர் சென்னையில், சிலர் மலேசியாவில், சாவி காவல்காரரிடம். மழைநீர் இறங்கக் குழி வெட்ட யார் சம்மதம், யார் செலவு? கடைசியில் யாரோ ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிட்டுப் போனார். அது தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. கீழே குழியே இல்லை. கணக்கில் வீடு தேறிவிட்டது.

முதலில் 'கைகூடுமை' என்று யோசித்தேன். ராசிபலன் வாடை அடித்தது, விட்டுவிட்டேன்.

என் முன்மொழிவு: செயல்தகவு. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 'நிகழ்தகவு' ஏற்கெனவே ஊன்றிவிட்டதால் 'தகவு' யாருக்கும் அந்நியமாக இராது. நிகழ்தகவு தானாக நடப்பதைப் பற்றியது. செயல்தகவு ஆள் வைத்து நடத்துவதைப் பற்றியது. 'கொள்கைச் செயல்தகவு மதிப்பீடு', 'செயல்தகவற்ற ஆணை' என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், இடறவில்லை.

புணர்ச்சி விதிப்படி 'செயற்றகவு' என்றுதான் வரவேண்டும் என்று காரைக்குடிப் புலவர் ஐயா பிடித்துக்கொள்வார், தெரியும். ஐயா, 'செயல்திறன்' என்று ஊரே எழுதும்போது இதை மட்டும் எதற்கு முறுக்க வேண்டும்?

'சாத்தியக்கூறு' பாலம், அணை போன்ற கட்டுமான ஆய்வுகளுக்கு இருக்கட்டும். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன் பிறகு நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.