வெளிநாட்டு வேலையில் முதல் வாரம்: பட்டியில் (PuTTY) எந்த இணைப்பு வகை?

புது வேலையில் சேர்ந்ததும் லேப்டாப்பில் பட்டியை (வேறிடத்திலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் மென்பொருள்) திறந்து, இணைப்பு வகை கேட்கும் இடத்தில் தயங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதில்: எஸ்எஸ்எச் (SSH, தட்டுவதையெல்லாம் மறைகுறியாக்கி அனுப்பும் வகை), போர்ட் 22. திறந்ததும் அதுதான் தேர்வாகியிருக்கும், மாற்றாதீர்கள்.

வந்த புதிதில் சொந்த இணைப்பு கிடைக்கும்வரை தங்குமிடத்தின் பொது வைஃபைதான் கதி. அங்கே டெல்நெட் என்ற பழைய இணைப்பு வகையில் நுழைந்தால் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் போகும். அதே வைஃபையில் ஒட்டுக்கேட்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆர்லாகின் (rlogin) என்ற இன்னொரு பழைய வகையும் அதே ரகம். 1995-ல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படிப் பாஸ்வேர்டுகள் திருடுபோன பிறகுதான் தாட்டு யூலோனென் எஸ்எஸ்எச்சை உருவாக்கினார்.

எஸ்எஸ்எச் எடுத்துவிட்டால் மட்டும் போதாது. முதல் தடவை இணையும்போது சர்வரின் கைரேகையை (அந்த சர்வரின் சாவியை அடையாளம் காட்டும் எழுத்து, எண் வரிசை) காட்டி, ஏற்கலாமா என்று பட்டி கேட்கும். பலரும் பார்க்காமலே அக்செப்ட் அழுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அட்மினிடம் சரியான கைரேகையை வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். புது இடத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கும்தான், ஆனால் நல்ல அட்மின் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பின்னால் ஒருநாள் அதே சர்வரின் கைரேகை மாறிவிட்டதாக எச்சரிக்கை வந்தால் அங்கேயே நிறுத்தி விசாரியுங்கள். சர்வரைப் புதிதாக நிறுவியிருந்தாலும் அது வரும், நடுவில் யாராவது புகுந்திருந்தாலும் வரும்.

இணைப்பு கிடைக்கவில்லை என்று டெல்நெட்டுக்குத் தாவ வேண்டாம். 'டைம்டு அவுட்' என்றால் பெரும்பாலும் ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது விபிஎன் போடவில்லை. வெளிநாட்டு ஐபி முகவரிகளையே அடைத்து வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. 'ரெஃப்யூஸ்டு' என்றால் பொதுவாக மெஷின் உயிரோடு இருக்கிறது, அந்த போர்ட்டில்தான் எதுவும் ஓடவில்லை.

சீரியல் என்பது ரவுட்டர், ஸ்விட்ச் போன்றவற்றில் கன்சோல் கேபிளை நேரடியாகச் செருகும்போது. காம் போர்ட் எண்ணை டிவைஸ் மேனேஜரில் பாருங்கள், வேகம் பல கருவிகளில் 9600. ரா (Raw, தட்டுவதை அப்படியே அனுப்பும் வகை) இப்போதைக்கு உங்களுக்குத் தேவைப்படாது.

சும்மா விட்டால் இணைப்பு அறுந்துபோகிறதா? கனெக்‌ஷன் பக்கத்தில் கீப்அலைவ் (இணைப்பு அறாமலிருக்க பட்டி அவ்வப்போது அனுப்பும் சிறு செய்தி) இடைவெளி 0 விநாடி என்று இருக்கும், அதை 60 ஆக்குங்கள். அப்புறம் செஷன் பக்கத்துக்குத் திரும்பி, பெயர் கொடுத்து சேவ் பண்ணுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை எல்லாம் பழையபடிதான் இருக்கும்.