நான்கு நாள் வேலை வாரம் கடையில் நிற்பவர்களுக்கும் எட்டுமா?

கேள்வி: கன்னங்குறிச்சிவாசி

சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டு மாடியிலிருந்தே வேலை செய்கிறேன். சனி, ஞாயிறு விடுமுறை. என் தங்கையோ சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் காலை ஒன்பதரைக்கு நுழைந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் வெளியே வருகிறாள். சென்ற மாதம் இருப்பில் இரண்டு புடவைகள் குறைந்ததற்காக, அந்தத் தளத்தில் நின்ற நான்கு பெண்களின் சம்பளத்திலும் சமமாகப் பிடித்துவிட்டார்கள். 2022-இல் பிரிட்டனில் 61 நிறுவனங்கள் ஊதியத்தைக் குறைக்காமல் வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்து, அவற்றில் 56 அதைத் தொடர முடிவு செய்தன என்று படித்தேன். இந்த நான்கு நாள் வாரப் பேச்செல்லாம் மடிக்கணினிக்காரர்களோடு நின்றுவிடுமா? களவு போன பொருளுக்கு விற்பனைப் பெண் பொறுப்பாவது முறைதானா?

பதில்: செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைக்காரர்

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தோடு வரும் ஒரு குடும்பம் ஐந்தாறு தட்டுகளை இறக்கச் சொல்லும். ஒருவர் எடை பார்க்கச் சொல்லி நம்மைத் தராசுப் பக்கம் இழுக்க, இன்னொருவர் கையிலிருந்த சோடி முந்தானைக்குள் போய்விடும். கேமரா போனதைக் காட்டுமே தவிர, போகாமல் தடுக்காது. எனவே தட்டுக்குப் பத்து சோடி என்று வைத்து, ஒரு தட்டை எண்ணி வாங்கிய பிறகே அடுத்ததை இறக்குகிறோம். அந்த எண்ணிக்கை தவறியது பெரும்பாலும் இரவு ஏழு மணிக்கு மேல், காலையிலிருந்து நின்ற ஆளிடம்தான் என்பது ஏட்டைப் புரட்டியபோது தெரிந்தது. சென்ற ஆண்டு இரண்டு ஷிப்டாக மாற்றினேன். கூடுதல் ஆளின் சம்பளம் கையைக் கடிக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. கணினி வேலையை விரைந்து முடித்துவிட்டு எழுந்து போகலாம். கல்லா திறந்திருக்கும் வரை கடையில் ஆள் நின்றாக வேண்டும்.

பதில்: தொழிலாளர் வழக்குகள் நடத்துபவர்

ஒருவரிடம் ஒப்படைத்த பொருள் அவருடைய கவனக்குறைவாலேயே தொலைந்திருந்தால்தான், அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பின்னரே, ஊதியத்தில் பிடிக்கலாம்; நால்வருக்குப் பங்கு பிரிப்பது இதில் அடங்காது. திருடியவருக்கு, நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கான 303-ஆம் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-இன்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி; 2021 திருத்தத்துக்குப் பிறகு உட்கார இருக்கையும் தர வேண்டும். நான்கு நாள் வாரம் என்றதும் மகிழ்ந்துவிடவும் வேண்டாம்: 2023 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றி, பின் அரசு திரும்பப் பெற்ற தொழிற்சாலைகள் திருத்த மசோதாவும் நாளுக்கு 12 மணி நேர வேலையை அந்தப் பெயரில்தான் முன்வைத்தது.

பதில்: ஏற்காட்டிலிருந்து

இங்கே காப்பிப் பழம் பறிப்பவர்களுக்கு எடைக் கணக்கில் கூலி கொடுக்கிறார்கள். ஒரு நாள் குறைந்தால் அன்றைய கூலி போயிற்று. எனவே கிலோவுக்கான கூலியை முதலில் பேசுங்கள்.

கேட்டவர்:

தங்கையிடம் விசாரித்தேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை; சம்பளச் சீட்டில் 'இருப்புக் குறைவு' என்று மட்டும் இருக்கிறது. தளத்தில் ஸ்டூல் உண்டா என்றேன். ஒன்று உண்டாம், அதன்மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்களாம்.