முழுத்தானியத்துக்கு மாறியதும் வயிறு உப்புகிறது: தானியம் காரணமா, முறை காரணமா?

காவிரிக்கரை (கேள்வி):

வணக்கம். எனக்கு வயது 43. திருச்சியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வயிற்று வலியோடு, சில நாள் மலச்சிக்கலும் சில நாள் வயிற்றுப்போக்கும் மாறி மாறி வந்ததால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மருத்துவரைப் பார்த்தேன். அவர் இது ஐ.பி.எஸ். (குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலே அதன் இயக்கம் சீர்கெடும் ‘எரிச்சல் குடல்’ தொல்லை) என்று கூறி, நார்ச்சத்தைக் கூட்டிக்கொள்ளச் சொன்னார். சென்ற மாதம் ஒரே வாரத்தில் எல்லா வேளை உணவையும் மாற்றினேன். காலையில் இட்லிக்குப் பதிலாகக் கம்பு ரொட்டி, மதியம் வரகரிசிச் சோறும் வெங்காயச் சாம்பாரும், இரவு முழுக் கோதுமைச் சப்பாத்தியும் பருப்புக் கூட்டும் என்று வைத்துக்கொண்டேன். பத்தே நாளில் வயிறு பொருமி, பிற்பகல் வகுப்பில் நிற்கவே முடியாமல் போனது. வெள்ளை அரிசிக்குத் திரும்பியதும் உப்புசம் அடங்கியது. ஆனால் மலச்சிக்கல் மீண்டும் வந்துவிட்டது. முழுத்தானியம் என் உடம்புக்கு ஒவ்வாதா, அல்லது நான் மாறிய முறை தவறா?

உணவியல் பணியாளர் (பதில்):

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், தானியத்தைவிட மாறிய வேகமே முதற்காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நூறு கிராம் தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 2.8 கிராம் நார்ச்சத்துதான் இருக்கிறது. அதே அளவு கம்பிலும் முழுக் கோதுமை மாவிலும் 11 கிராமுக்கு மேல், வரகில் 6 கிராமுக்கு மேல் இருக்கிறது. மூன்று வேளைக்கும் நூறு நூறு கிராம் என்று கணக்கிட்டால், நாளொன்றுக்குத் தானியத்திலிருந்து மட்டும் 8 கிராம் கிடைத்துவந்த குடலுக்கு ஒரே வாரத்தில் 29 கிராம் போயிருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராமாவது நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது உண்மைதான். ஆயினும் அந்த அளவை அடைய இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. சிறுகுடலில் செரிக்காத நாரைப் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்யும்போது வாயு உண்டாகிறது. புதிய அளவுக்கு அவை பழகும் முன்பே மேலும் மேலும் கொடுத்தால் பொருமல் வராமல் இருக்காது.

அடுத்தது நாரின் வகை. நீரில் கரைந்து கூழ்போல் ஆகும் நார் ஒன்று; தவிட்டில் உள்ளதுபோல் கரையாமல் நிற்கும் நார் மற்றொன்று. நெதர்லாந்தில் ஐ.பி.எஸ். உள்ள 275 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு நீரில் கரையும் வகையான இசப்கோலும் (ஒரு விதையின் உமி) இன்னொரு பிரிவினருக்குத் தவிடும் நாள்தோறும் 10 கிராம் கொடுத்தார்கள். இசப்கோல் எடுத்தவர்களுக்குத் துன்பம் குறைந்தது. தவிடு எடுத்தவர்களில் பலர் தொல்லை கூடியதால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே நார்ச்சத்தைக் கூட்டுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவது உங்களைப் போன்றவர்களுக்குப் போதாத அறிவுரை என்பதே என் கருத்து.

நம் சிறுதானியங்களின் நாரில் பெரும்பகுதி கரையாத வகைதான். அதற்காக அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை, படிப்படியாகப் போகலாம். குழந்தைகளுக்குச் செய்வதுபோல் கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிப் பால் எடுத்து, காலையில் மட்டும் கஞ்சியாகக் காய்ச்சிக் குடியுங்கள். தோல் சக்கையிலேயே தங்கிவிடுவதால் வயிற்றுக்கு இதமாக இருக்கும். ஒரு வாரம் தொல்லை இல்லையென்றால், இரண்டு தேக்கரண்டி முழுமாவில் நீர்க்கக் கஞ்சி. அதன் பிறகு கூழ். களியும் ரொட்டியும் கடைசியில் வரட்டும். மற்ற இரு வேளையும் பழகிய அரிசியே இருக்கட்டும். மலச்சிக்கலுக்கு இப்போதே இசப்கோல் ஒரு தேக்கரண்டியை ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கலாம். மற்ற மருந்துகள் எடுப்பவரானால் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். தண்ணீர் குறைந்தால் நாரே சிக்கலைக் கூட்டிவிடும்.

மானாவாரி (பதில்):

என் துணைவியாருக்கும் இதே தொல்லை இருந்ததால் சொல்கிறேன், சகோதரி. நாங்கள் ஓராண்டாகக் கம்பையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தோம். உண்மையில் துன்பம் கொடுத்தது சாம்பார். வெங்காயத்திலும் பூண்டிலும் கோதுமையிலும் உள்ள பிரக்டான் என்னும் மாவுப்பொருள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் நொதிக்கும் என்று மருத்துவர் விளக்கிய பிறகே எங்களுக்குப் புரிந்தது. நீங்கள் அரிசிக்குத் திரும்பியபோது சப்பாத்தியையும் கூட்டையும் சேர்த்தே விட்டிருப்பீர்கள். ஆகவே எதனால் நலமானது என்று இப்போது சொல்ல முடியாது. வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு அந்த எண்ணெயை மட்டும் சேர்த்தால் மணம் கிடைக்கும். பிரக்டான் எண்ணெயில் கரையாது. பருப்பை ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள்.

இன்னொன்று: கம்பு மாவு அரைத்துச் சில நாளிலேயே சிக்கு வாடையடித்துக் கசக்கத் தொடங்கும். கடையில் எப்போது அரைத்தார்கள் என்று தெரியாத மாவை வாங்காமல், கம்பை வாங்கி அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள்.

குடல்நல மருத்துவர் (பதில்):

மேலே உள்ள இருவரின் அறிவுரையும் சரியே. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கோதுமையை முற்றிலும் நிறுத்துவதற்கு முன்பு, அதிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். கோதுமையை உண்டுவரும்போது செய்தால்தான் முடிவு நம்பத்தக்கதாக இருக்கும். பல வாரம் கோதுமையை நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லையென்று காட்டக்கூடும். நோய் உறுதியானால் கேழ்வரகு, கம்பு, சோளம், வரகு ஆகியவற்றைத் தடையின்றி உண்ணலாம், ஏனெனில் இவற்றில் குளூட்டன் இல்லை. ஆனால் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைக்கக் கூடாது. கடைப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதால் பொட்டலத்தைப் படித்து வாங்க வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும், உணவு மாற்றத்தை நம்பிக் காத்திருக்காமல் நேரில் வாருங்கள்.

காவிரிக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த அறிகுறிகள் எதுவும் எனக்கு இல்லை. சீலியாக் பரிசோதனையும் இதுவரை செய்ததில்லை. ஆகவே இந்த வாரம் இரவுச் சப்பாத்தியை மீண்டும் தொடங்கி, எத்தனை வாரம் உண்ட பிறகு இரத்தம் கொடுக்க வேண்டும் என்று என் மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறேன். கேழ்வரகுப் பாலை அதன் பிறகே தொடங்குவேன். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் மறுபடியும் எதனால் என்று தெரியாமல் போய்விடும்.