மறு: ‘உபரி உற்பத்தி’ சரியா?

> எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கில், எடுக்க முடிந்தும் எடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கும் எண்ணெய்க்கு (spare capacity) நம் கலைச்சொல் பட்டியலில் ‘உபரி உற்பத்தி’ என்றே போட்டுவிடலாம். செய்தித்தாள்களில் அப்படித்தான் வருகிறது. (ஓசூரிலிருந்து)

ஐயா, வணக்கம்.

அப்படிப் போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். உபரி என்றால் எடுத்தாகிவிட்டது, வாங்க ஆளில்லை. 2020 ஏப்ரலில் நடந்ததுதான் உபரி. ஊரடங்கில் வண்டிகள் நின்று, தொட்டிகள் நிரம்பி, 20ஆம் தேதி அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: கிணறு தயார், குழாய் தயார், ஆளும் தயார், எந்த நாடு எவ்வளவு எடுக்கலாம் என்று பேசி வைத்த பங்கீட்டுக்காக மூடி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் இதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. 30 நாளுக்குள் உற்பத்திக்குக் கொண்டுவர முடிய வேண்டும், குறைந்தது 90 நாளாவது அது தொடர வேண்டும்.

‘கையிருப்பு’ம் ஒத்துவராது. நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையை நினைத்துக்கொள்ளுங்கள். அணையில் நிற்கும் தண்ணீர் இருப்பு. வாய்க்காலில் வந்து நம் தொட்டியில் பிடித்தது கையிருப்பு. இறக்கி வைத்திருக்கும் ஷட்டர்தான் நாம் சொல்ல வருவது. ஆகவே ‘மதகுத் திறன்’.

இதில் இவ்வளவு கறார் எதற்கு என்றால், விலையை ஆட்டுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இது தாராளமாக இருந்தால் எங்கோ போர் என்றாலும் சந்தை பெரிதாகப் பதறாது. சுருங்கினால் வதந்திக்கே விலை ஏறும். 2019 செப்டம்பர் 14 அன்று சவுதியின் அப்கைக் எண்ணெய் பதப்படுத்தும் நிலையம் தாக்கப்பட்டு, நாளொன்றுக்குச் சுமார் 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றது. நின்ற அளவு மட்டுமா பயம்? ஆபத்துக்குத் திறக்க வேண்டிய மதகில் பெரும்பகுதி அந்த நாட்டிலேயே இருந்தது.

தருமபுரியிலிருந்து

---

அண்ணா,

விளக்கம் சரி, சொல் சரியில்லை. ‘மதகுத் திறன்’ என்றால் பொறியாளர் காதில் வேறாக விழும். எல்லா ஷட்டரையும் தூக்கினால் நொடிக்கு எத்தனை கன அடி போகும் என்ற முழு அளவு அது. நமக்கு வேண்டியது இன்னும் தூக்காத ஷட்டர் மட்டும். ‘திறவாத் திறன்’ என்று வைப்போமே? சொல்லிப் பார்த்தேன், நாக்கும் ஒப்புக்கொள்கிறது.

பங்கீட்டையும் இதையும் குழப்பக் கூடாது. 2022 அக்டோபரில் ஒபெக்கும் ரஷ்யா முதலிய கூட்டாளிகளும் நாளுக்கு 20 லட்சம் பீப்பாய் குறைப்பதாக அறிவித்தார்கள். பல நாடுகள் ஏற்கெனவே தங்கள் பங்கைக்கூட எட்ட முடியாமல் இருந்ததால் நிஜக் குறைப்பு அதைவிடக் கம்மி. பங்கு இருந்தும் எடுக்க வக்கில்லாத நாட்டுக்குத் திறவாத் திறன் ஏது?

(ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றும் லாரிக்காரர் ஒருவர், “கச்சா எண்ணெய் இறங்கியும் டீசல் ஏன் இறங்கலை?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பதில் ஒபெக்கின் தலைமையகம் இருக்கும் வியன்னாவில் இல்லை, நம் வரியிலும் எண்ணெய் நிறுவனங்களின் கணக்கிலும் இருக்கிறது. தனி இழையில் பேசலாம்.)

காவேரிப்பட்டணத்திலிருந்து

---

தம்பி,

மதகை விட்டுவிடுகிறேன். ‘திறவா’வில் இன்னொரு நயம், வேண்டுமென்றே திறக்கவில்லை என்ற தொனி. 1980களின் முதற்பாதியில் விலையைத் தாங்கச் சவுதி தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வந்தது. மற்றவர்கள் பங்கை மீறி விற்றார்கள். 1985 கடைசியில் அது பொறுமை இழந்து திறந்துவிட, 27 டாலரைச் சுற்றி இருந்த பீப்பாய் மறு ஆண்டே 10 டாலர் அளவுக்கு விழுந்தது. திறவாத் திறன்தான் கூட்டணிக்குள் சவுதி கையில் இருக்கும் பிரம்பு. ‘உபரி’ என்று எழுதினால் இந்த மிரட்டல் தொலைந்துபோகும்.

ஒரே ஒரு சிக்கல். பொருளாதாரத் தடையால் ஈரானில் நின்றுபோன உற்பத்தியையும் இந்தச் சொல் இழுத்துக்கொள்ளும். அவர்களுக்குத் திறக்க ஆசைதான், வாங்குபவருக்குத்தான் தடை. அதை ‘முடங்கிய திறன்’ என்று பிரித்து வைப்போம். ஓசூர் ஐயாவுக்கு மறுப்பு இல்லையென்றால் இரண்டையும் அடுத்தடுத்த பதிவாகப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.