சிங்க் வேலையைக் கடைசிக்குத் தள்ளும் டீம்: என்ன சொல்லி முன்னால் கொண்டுவருவது?

கேள்வி
நெட் இல்லாத இடத்திலும் ஓட வேண்டிய மொபைல் ஆப். ஆர்டரைப் போனில் பதிந்து, நெட் வந்ததும் சர்வரோடு சிங்க் ஆக வேண்டும். பிளானில் லாகின், செட்டிங்ஸ், டேஷ்போர்டு எல்லாம் முதலில். சிங்க் ஆறாவது ஸ்பிரிண்டில் (ஸ்பிரிண்ட்: சில வார வேலைச் சுற்று). "பெரிய வேலை, அப்புறம் பார்ப்போம்" என்கிறார்கள். என்ன காரணம் சொன்னால் எடுபடும்?

பதில் 1
டேட்டாபேஸ் டேபிளைக் காட்டிப் பேசுங்க. ஆர்டர் ஐடி இப்ப சர்வரில் ஆட்டோ இன்கிரிமென்ட்டா (1, 2, 3ன்னு தானா ஏறுற நம்பரா) வருதுன்னா, ஆஃப்லைனில் போடுற ஆர்டருக்கு அந்த நம்பர் கிடைக்காது. போனே யூயூஐடி (சர்வரைக் கேட்காமலே போடக்கூடிய, வேற எதோடயும் மோதாத நீளமான ஐடி) உருவாக்கணும். இது ஆறாவது ஸ்பிரிண்டில் தெரியவந்தா, அந்த ஐடியைச் சுட்டுற எல்லா டேபிளும் ஏபிஐயும் (ஆப் சர்வரோடு பேசுற வழி) மாறும். முடிஞ்சதுன்னு டிக் அடிச்ச ஸ்கிரீனும் சேர்த்துத்தான்.

டெலீட்டும் அப்படியே. சர்வரில் பதிவை நிஜமாவே அழிச்சுட்டா, ஆஃப்லைனில் கிடந்த போன் பழைய காப்பியை அனுப்பி அதை மறுபடி உயிர்ப்பிச்சுடும். 'அழிக்கப்பட்டது'ன்னு குறி மட்டும் போட்டு, ஒவ்வொரு கொயரியிலும் (டேட்டாவை எடுக்கிற கட்டளை) அதை வடிகட்டணும்.

பதில் 2
மூன்று நாள் ஸ்பைக் (சந்தேகத்தைத் தீர்க்க எழுதி, பிறகு தூக்கிப்போடும் சோதனைக் கோடு) கேளுங்கள். இரண்டு போன், ஒரு சர்வர், ஒரே டேபிள், யூஐ (ஸ்கிரீன்) வேண்டாம். ஒரு போனின் கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளி, இரண்டையும் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஒரே ஆர்டரை இரண்டிலும் மாற்றுங்கள், கடிகாரம் பின்தங்கிய போனில் கடைசியாக. 'கடைசித் திருத்தமே நிற்கும்' என்ற விதி போன் நேரத்தை நம்பியிருந்தால், அந்தக் கடைசித் திருத்தம்தான் காணாமல் போகும். எரர்கூட வராது. எந்த வெர்ஷனை மாற்றினோம் என்பதைப் போன் சேர்த்து அனுப்பினால், பொருந்தாதபோது சர்வர் 409 ('மோதல்' என்று சொல்லும் எரர் எண்) திருப்பலாம்.

அடுத்து, சர்வர் பதிந்த பிறகு, பதில் வந்துசேரும் முன் நெட்டைத் துண்டியுங்கள். போன் மறுபடி அனுப்பும். யூயூஐடிக்கு யுனிக் கட்டுப்பாடு (ஒரே ஐடி இருமுறை பதியக்கூடாது என்ற டேட்டாபேஸ் விதி) இல்லையென்றால் ஒரே ஆர்டர் இரண்டாகும்.

ஸ்பைக் கோடு தனி ரெப்போவில் (கோடு சேமிக்கும் இடம்) இருக்கட்டும். ஆப்பின் மெயின் கோடுக்குள் வந்துவிட்டால் யாரும் தூக்கிப்போட மாட்டார்கள்.

பதில் 3
அதுக்காகக் கஷ்டமானது எல்லாத்தையும் முன்னால இழுக்காதீங்க. ரிப்போர்ட் மெதுவா வந்தா பின்னால இன்டெக்ஸ் (டேபிளில் வேகமாத் தேட உதவுறது) போட்டுக்கலாம், கேஷும் (அடிக்கடி கேட்கிற டேட்டாவைத் தனியா எடுத்துவைக்கிறது) அப்படித்தான். தப்பாப் போனா எத்தனை டேபிள் மாறும்னு பார்த்து வரிசைப்படுத்துங்க. டெமோவுல ஸ்கிரீனைக் காட்டினாத்தான் பேர் கிடைக்குது, அதான் தள்ளிப்போடுறாங்க. மேல சொன்ன ரெண்டு போன் டெஸ்ட்டையே டெமோவா ஓட்டுங்க.

கேட்டவர்
நன்றி. அழித்த குறியை எவ்வளவு நாள் வைத்திருப்பது?

பதில் 1
ஒரு போன் அதிகபட்சம் எத்தனை நாள் சிங்க் ஆகாம இருக்கலாம்னு முதல்ல முடிவு பண்ணுங்க. 30 நாள்னா, குறி அதைத் தாண்டியும் இருக்கணும். அதுக்கும் மேல தாமதமா வர்ற போன்கிட்ட, அனுப்பாம தேங்கின புது ஆர்டரை மட்டும் வாங்கிட்டு, லோக்கல் டேட்டாவை அழிச்சு முழுசா இறக்கிக்கச் சொல்லுங்க.