மறு: என்கவுண்டர் என்றால் மோதலா?

> பாத்திரமேற்பு விளையாட்டுகளில் வரும் என்கவுண்டருக்கு 'மோதல்' போதும். எளிய சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல். இதற்கு மேல் ஏன் மெனக்கெட வேண்டும்?

மெனக்கெடத்தான் வேண்டியிருக்கிறது. நெறியாளர் ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் இந்த விளையாட்டுகளில், வழியில் யாராவது எதிரே வரும் கட்டத்துக்குத்தான் என்கவுண்டர் என்று பெயர். போன மாதம் நான் நெறியாளராக இருந்த ஆட்டத்தில் நிலவறை வாசலில் ஆறு கோப்ளின்களை, அதாவது குள்ள அரக்கர்களை, நிறுத்தியிருந்தேன். உள்ளே இருக்கும் பூதத்தைத் தாங்களாகக் கொல்ல முடியாமல் துணைக்கு ஆள் தேடி வந்தவை அவை. நான் வாய்தவறி "சரி, அடுத்த மோதல்" என்று தொடங்கிவிட்டேன். வாக்கியம் முடிவதற்குள் நால்வரும் பகடையை உருட்டிவிட்டார்கள். மூன்றே சுற்றில் தூதர்கள் ஆறு பேரும் பிணம். அவர்களைக் கொன்றது வீரர்களின் வாள் என்பதைவிட என் வாயில் வந்த சொல் என்பதே சரி.

என்கவுண்டர் என்பது தொடக்கத்திலிருந்தே சண்டையை மட்டும் குறித்ததில்லை. 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்பு விளையாட்டின் விதிகளிலேயே, எதிரே வந்த உயிர் என்ன மனநிலையில் இருக்கிறது என்பதை இரண்டு பகடை உருட்டிப் பார்க்க வழி இருந்தது. 5 வரை விழுந்தால் பகை, 6 முதல் 8 வரை இழுபறி, 9 முதல் இணக்கம். பேசலாம், விலை பேசலாம், ஓடலாம். 'மோதல்' என்று பெயரிட்டால் அந்தப் பகடையை உருட்டும் முன்பே விடையைச் சொல்லிவிடுகிறோம்.

ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழில் எழுதிவிடலாம் என்பவர்களுக்கு ஒன்று: செய்தித்தாள் படிக்கும் தமிழருக்கு என்கவுண்டர் என்றால் காவல்துறைத் துப்பாக்கிச்சூடு. 'மோதல்' கொலையில் தொடங்குகிறது என்றால் இது கொலையில் முடிந்தே போகிறது.

என் பரிந்துரை 'எதிர்ப்பாடு'. புறப்படு–புறப்பாடு, வெளிப்படு–வெளிப்பாடு போல எதிர்ப்படு–எதிர்ப்பாடு. வழியில் ஒருவர் எதிர்ப்பட்டார் என்கிறோம்; அவர் நண்பரா பகைவரா என்பதை அந்த வினைச்சொல் சொல்வதில்லை. நமக்கு வேண்டியதும் அதுதான். 'சந்திப்பு' ரயில் நிலையப் பெயர்ப்பலகையை நினைவூட்டுகிறது. 'தலைப்பாடு' பழைய அழகுடையது என்றாலும், தலைப்படுதல் இன்று 'முனைதல்' என்ற பொருளுக்குப் போய்விட்டது.

ஒரு கலைச்சொல் விதிப்புத்தகத்தில் பிழைக்க வேண்டுமானால் வேற்றுமை உருபு ஏற்க வேண்டும், தொகையாகவும் நிற்க வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் சில ஆற்றல்களை ஓர் என்கவுண்டருக்கு ஒருமுறைதான் பயன்படுத்தலாம். அங்கே அது கிட்டத்தட்ட ஒரு கால அளவு. 'எதிர்ப்பாட்டுக்கு ஒருமுறை' என்று எழுதிப் பாருங்கள், இடறவில்லை. 'எதிர்ப்பாட்டு வடிவமைப்பு' என்பதும் அப்படியே. சண்டைதான் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் 'போர் எதிர்ப்பாடு' என்போம்.

அந்தப் போரிலும் எல்லாம் ஒரே வகையா? இங்கே நம் கையிலேயே ஒரு வகைப்பாடு இருப்பதை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பு. புறத்திணைகள் போரை ஆயுதத்தால் பிரிக்கவில்லை, நோக்கத்தால் பிரிக்கின்றன. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, மதிலை வளைத்தால் உழிஞை, மதிலைக் காத்தால் நொச்சி. (தொல்காப்பியத்தில் கரந்தை வெட்சிக்குள்ளும் நொச்சி உழிஞைக்குள்ளும் அடங்கும், புறப்பொருள் வெண்பாமாலை தனித்தனியாகப் பிரிக்கும்.) வலிமையைக் காட்டுவதே நோக்கமாக இரு படையும் பொருதுவது தும்பை ஒன்றில்தான். நாம் மேசையில் வைக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை தும்பை. கடைசி எதிரி சாகும்வரை இழுக்கும், மூன்றாம் சுற்றிலிருந்து கொட்டாவி வரும். 'இது வெட்சி எதிர்ப்பாடு' என்று குறிப்பில் எழுதிக்கொள்ளும் நெறியாளர், மாடு எங்கே, தப்பும் வழி எங்கே, துரத்துபவர் எத்தனையாவது சுற்றில் வருவார் என்று யோசித்தே ஆக வேண்டும்.

> சேலஞ்ச் ரேட்டிங் = அறைகூவல் மதிப்பு; ஆக்‌ஷன் எகானமி = செயல் பொருளாதாரம்.

முதலாவது, ஓர் எதிரி எவ்வளவு கடினம் என்று காட்டும் எண். அதற்குக் 'கடுமை எண்' போதும். அந்த எண் யாரையும் கூவி அழைப்பதில்லை. இரண்டாவதை எழுதியவர் மன்னிக்க வேண்டும், அதைப் படித்தால் வரவு செலவுத் திட்டம் வாசிப்பது போல இருக்கிறது. அங்கே பொருளும் இல்லை, ஆதாரமும் இல்லை. ஒரு சுற்றில் எந்தத் தரப்புக்கு எத்தனை செயல் என்பதுதான் விஷயம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் ஒரு கோப்ளினை வென்றால் 50 அனுபவப்புள்ளி. நான்கு வந்தால் 200. ஆனால் கடுமையை அளக்கும்போது அதை இரண்டால் பெருக்கி 400 என்று கொள்ள வேண்டும். எட்டு வந்தால் 400-ஐ இரண்டரையால் பெருக்கி 1000. தலை இரு மடங்கானால் கடுமை இரண்டரை மடங்கு. ஒவ்வொரு தலைக்கும் சுற்றுதோறும் ஓர் அடி உண்டு என்பதால்தான் இந்தப் பெருக்கல். தனியாக நிற்கும் டிராகன் நான்கு பேரிடம் திணறுவதற்கும் இதுவே காரணம். அது ஒருமுறை கடிப்பதற்குள் நான்கு முறை அடிபடுகிறது. அதே பதிப்பில் பெரிய எதிரிகள் சிலவற்றுக்கு, அடுத்தவர் முறை முடியும்போது இடையில் புகுந்து செயல்படும் உரிமை தந்ததும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான். ஆகவே 'வினைக்கணக்கு' என்கிறேன்.

---

> எதிர்ப்பாடு, வினைக்கணக்கு

முதல் சொல்லை நான் 'எதிர்ப்பு' என்றே படித்தேன். கோப்ளின்கள் கொடி பிடித்து முழக்கமிடும் காட்சிதான் கண்ணில் வந்தது. இரண்டாவது சொல்லைப் பார்த்ததும் சித்திரகுப்தன் ஏட்டோடு வந்துவிட்டான். திணைப் பெயர்களுக்கு மட்டும் முழு ஆதரவு.

---

சித்திரகுப்தனிடம் தோற்றேன். 'செயல்வளம்' என்று மாற்றுகிறேன்: ஒரு சுற்றில் ஒரு தரப்பின் கையில் இருக்கும் செயல்களின் மொத்தம். 'கோப்ளின்களின் செயல்வளம் எட்டு, வீரர்களுடையது நான்கு' என்று சொல்லும்போது ஆபத்து காதிலேயே விழுகிறது.

எதிர்ப்பாட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். 'ஏற்பாடு' என்பதை யாரும் 'ஏற்பு' என்று படிப்பதில்லை. நாலு முறை கண்ணில் பட்டால் இதுவும் பழகிவிடும். விதிப்புத்தகத்தில் முதல்முறை வரும் இடத்தில் மட்டும் 'வழியில் எதிர்ப்படும் எதுவும் எதிர்ப்பாடு' என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். கோப்ளினுக்கு என்ன சொல் என்பதைத் தயவுசெய்து வேறு இழையில் தொடங்குங்கள். போன முறை 'குறளி'க்கும் 'குட்டிச்சாத்தா'னுக்கும் இடையே நடந்தது சுத்தமான தும்பை.