40 விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பராமரிப்புப் பயிற்சி: என்னென்ன ஏற்பாடு?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு நாள் பயிற்சிங்க. பெரும்பாலும் 50 வயசு தாண்டினவங்க. சமுதாயக்கூடம் இருக்கு. நாள், நேரம், சாமான் எப்படி முடிவு பண்றது?

பதில் 1: முகூர்த்த நாள் வேண்டாமுங்க, கூடமும் கிடைக்காது, ஆளும் வராது. வியாழனும் வேண்டாம், அன்னைக்கு ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை. காலையும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊத்தோணும். 10 மணிக்கு ஆரம்பிச்சு 3 மணிக்கு முடிச்சிருங்க.

பதில் 2: எல்லாரையும் ஒரே கும்பலா நிக்க வெச்சா முன்னால இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். 8 பேர் வீதம் 5 குழு. குழுவுக்கு, செடி வரிசையோரம் போற 16 மி.மீ. பக்கக் குழாய் 10 மீட்டர், அதுல ஓட்டை போடற பஞ்ச் 1, தண்ணி சொட்டற டிரிப்பர் 10, குழாயை இணைக்கற ஜாயினர் 4, குழாய் முனையை மூடற எண்ட் கேப் 2. கூடவே உப்பு அடைச்ச பழைய குழாய்த் துண்டும் வேணும். புதுக் குழாயில என்னத்தைக் காட்டறது?

உப்பு அடைப்பைக் கரைக்க ஆசிட் விட்டுக் கழுவறதைத் தோட்டத்துல வெச்சுக்குங்க, கூடத்துக்குள்ள புகை மூச்சை அடைக்கும். பிளாஸ்டிக் வாளித் தண்ணியில ஆசிட்டை மெதுவா ஊத்தோணும். மாத்தி, ஆசிட்ல தண்ணி ஊத்துனா கொதிச்சுத் தெறிக்கும். ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

பதில் 3: தோட்டத்துல மும்முனை மின்சாரம் எப்ப வரும்னு முந்தின நாளே லைன்மேனைக் கேட்டுக்குங்க. மோட்டார் ஓடாம குழாயை அலசிக் காட்ட முடியாது. செய்முறையை அந்த நேரத்துக்கு வெச்சு, பேச்சை மத்த நேரத்துக்குத் தள்ளுங்க.